கைக்குள் சேரும் அதிர்வு: வாடகைக் கருவியின் அட்டையை எப்படிப் படிப்பது?

"பச்சை அட்டை போட்ட கருவி, நாள் முழுக்க அடிக்கலாம்." "கையுறை போட்டால் போதும்." "வாடகைக்கு எடுத்ததுதானே, அதிர்வுக் கணக்கெல்லாம் கடைக்காரர் பாடு." அட்டை என்பது, அதிரும் கருவிகளில் வாடகைக் கடைகள் கட்டி அனுப்பும், அதிர்வைக் குறிக்கும் வண்ணச் சீட்டு. பிரிட்டனில் கட்டட வேலைத்தளங்களில் இந்த மூன்று பேச்சையும் ஓயாமல் கேட்கிறேன். சொல்பவர்கள் அனுபவசாலிகள், நல்ல வேலைக்காரர்கள். ஆனால் மூன்றுமே தவறு. அதிர்வு கைக்குள் எப்படிச் சேர்கிறது என்பதை யாரும் அவர்களுக்கு நிதானமாக உட்கார்ந்து சொன்னதில்லை. பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்தால் போதும், இந்தக் கணக்கை யாரும் போட்டுவிடலாம்.

என்னை இதை எழுத வைத்தது ஒரு ஜனவரிக் காலை. எங்களோடு வேலை செய்யும் அண்ணன் ஒருவர் இருபது வருடங்களாகக் காங்கிரீட் உடைப்பவர். தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவருடைய நடுவிரலும் மோதிர விரலும் இரண்டாம் கணு வரை மெழுகுவர்த்திபோல வெளுத்திருந்தன. வெளுப்பு முடியும் இடத்தில் பேனாவால் கோடு போட்டதுபோல ஓர் எல்லை. "சுடவில்லையா அண்ணா?" என்று கேட்டேன். "அந்த இரண்டு விரலுக்கும் ஒன்றும் தெரியாது தம்பி, கொஞ்ச நேரத்தில் வந்துவிடும்" என்றார். கால் மணி நேரத்தில் நிறம் வந்தது. வந்தபோது விரல்கள் சிவந்து, வலியில் கையை உதறினார். சட்டையின் மேல் பொத்தானை மனைவிதான் போட்டுவிடுகிறார் என்பதைப் பல வாரங்கள் கழித்துத்தான் சொன்னார்.

விரல் நுனி என்னும் கடைமடை

காவிரியில் தண்ணீர் திறந்தால் கடைமடை வயலுக்குக் கடைசியாகத்தான் வந்து சேரும். வரத்து கொஞ்சம் குறைந்தாலும் முதலில் காய்வது அந்த வயல்தான். உடம்பின் இரத்த ஓட்டத்துக்கு விரல் நுனி அப்படி ஒரு கடைமடை. குளிர்ந்தால், உள்ளுறுப்புகளின் சூட்டைக் காப்பாற்ற உடம்பு விரல்களுக்குப் போகும் மதகைச் சற்று மூடும். எல்லோருக்கும் நடப்பதுதான் இது.

அதிரும் கருவியை ஆண்டுக்கணக்காகப் பிடித்தவரின் கையில் அந்த மதகு கெட்டுவிடுகிறது. விரலின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கொஞ்சம் குளிர் பட்டாலும் ஒரேயடியாக இறுகிக்கொள்கின்றன. இரத்தம் வராத விரல் வெளுக்கிறது. இதற்கு வெண்விரல் நோய் என்று பெயர். இதோடு கூடவே, சில சமயம் இதற்கு முன்பே, விரலின் நரம்புகளும் கெடுகின்றன: மரத்துப்போகிறது, ஊசி குத்துவதுபோல இருக்கிறது, சிறிய ஆணியைப் பொறுக்க முடிவதில்லை, பிடி தளர்கிறது. இரத்தக் குழாய், நரம்பு, தசை, மூட்டு ஆகியவற்றில் வரும் இந்தக் கோளாறுகள் அனைத்தையும் சேர்த்துக் கை–புய அதிர்வு நோய் என்போம்.

புதிதாகக் கண்டுபிடித்த நோய் அல்ல இது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பெட்ஃபோர்டு சுண்ணாம்புக்கல் குவாரிகளில் காற்றுச் சுத்தியல் பிடித்த கல்தச்சர்களின் வெளுத்த விரல்களைப் பற்றி மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1918-லேயே அறிக்கை எழுதிவிட்டார். பிரிட்டனில் 1985-இல்தான் இது தொழில்சார் நோய்ப் பட்டியலில் ஏறியது. பின்னர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக இழப்பீட்டுத் திட்டம் ஒன்று வந்தபோது, ஏறத்தாழ 1,70,000 பேர் வெண்விரலுக்காக விண்ணப்பித்தார்கள். அந்த எண்ணிக்கையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தேநீர்க் கோப்பைதான் கண்ணில் வருகிறது.

நரம்பில் வந்த சேதம் பெரும்பாலும் திரும்பாது. மருந்து கொடுத்துச் சரிசெய்யக்கூடிய நோயாக இருந்தால் இந்தக் கணக்கை இவ்வளவு வற்புறுத்த வேண்டியிருக்காது.

அட்டையில் உள்ள எண் எதைச் சொல்கிறது?

பஸ் ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டால் முன்னால் தள்ளப்படுகிறோம். நம்மைத் தள்ளியது வேகம் அல்ல, வேகம் மாறிய விதம். வேகம் எவ்வளவு சட்டென்று மாறுகிறது என்பதற்கு முடுக்கம் என்று பெயர். காங்கிரீட் உடைக்கும் கருவியான பிரேக்கரின் கைப்பிடியோ ஒரு விநாடிக்குள் பல தடவை முன்னும் பின்னும் ஓடித் திரும்புகிறது. ஒவ்வொரு திருப்பமும் கைக்கு ஒரு சிறிய 'சடன் பிரேக்'. மூன்று திசைகளிலும் அந்த உலுக்கலை அளந்து, கைக்குக் கெடுதல் செய்யும் விதத்துக்கு ஏற்பச் சீர்செய்து, ஒரே எண்ணாகத் தருவதுதான் அதிர்வு அளவு. அலகு மீட்டர்/விநாடி². இனி எண்ணை மட்டும் சொல்கிறேன்.

ஒரு மனக்கணக்கு இருக்கட்டும் என்பதற்காகச் சில எண்கள். பிரிட்டனின் வேலைப் பாதுகாப்பு அமைப்பான ஹெச்.எஸ்.இ. தந்திருக்கும் வழிகாட்டுதலின்படி, சாலை உடைக்கும் பிரேக்கர் பொதுவாக 12. நல்ல வடிவமைப்பும் பயிற்சி பெற்ற கையும் சேர்ந்தால் 5 வரை இறங்கும். மோசமான கருவி, மோசமான நிலைமை என்றால் 20 வரை ஏறும். அடித்தபடியே துளைபோடும் ஹேமர் டிரில் பொதுவாக 9, ஆனால் 6-இலிருந்து 25 வரை போகலாம். வட்டு சுழன்று வெட்டும் பெரிய ஆங்கிள் கிரைண்டரில், அதிர்வு குறைத்த புதியது 4, மற்றவை 8.

ஒரே பெயருள்ள கருவிக்குள் இவ்வளவு வித்தியாசம் இருப்பதைக் கவனியுங்கள். "ஒரு பிரேக்கர் அனுப்புங்கள்" என்று வாடகைக் கடைக்குத் தொலைபேசியில் சொன்னால் 5 வருமா 20 வருமா என்பது நம் கையில் இல்லை.

புள்ளிக் கோலம்

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். 6 என்ற கருவியைவிட 12 என்ற கருவி இரண்டு மடங்கு கெடுதல் என்று நினைக்கிறார்கள். உண்மையில் நான்கு மடங்கு.

வாசலில் சதுரமாகப் புள்ளி வைப்பதை நினைத்துப் பாருங்கள். வரிசைக்கு மூன்று வைத்து மூன்று வரிசை என்றால் ஒன்பது புள்ளி. பக்கத்தை இரட்டிப்பாக்கி ஆறுக்கு ஆறு வைத்தால் பதினெட்டு அல்ல, முப்பத்தாறு. அதிர்வும் அப்படித்தான் கூடுகிறது: அளவை அதே அளவால் பெருக்க வேண்டும். நேரம் மட்டும் நேராகக் கூடும். இரட்டிப்பு நேரம் என்றால் இரட்டிப்பு பாதிப்பு.

பொருத்தமாக, ஹெச்.எஸ்.இ.-யின் எளிய கணக்கு முறையும் புள்ளி முறைதான். சூத்திரம் இவ்வளவே: அதிர்வு அளவு × அதிர்வு அளவு × 2 = ஒரு மணி நேரத்துக்கான புள்ளி. 12 என்ற பிரேக்கருக்கு 12 × 12 × 2 = 288. 6 என்றால் 72. அரை மணி பிடித்தால் பாதி, பத்து நிமிடம் பிடித்தால் ஆறில் ஒரு பங்கு. ஒரு நாளில் ஒருவர் பிடித்த எல்லாக் கருவிகளின் புள்ளிகளையும் கூட்டினால் அந்த நாளுக்கான அவருடைய கணக்கு வந்துவிடும்.

கருவிக்குக் கணக்கு இல்லை, ஆளுக்குத்தான் கணக்கு. ஒரே பிரேக்கரை இருவர் மாற்றி மாற்றிப் பிடித்தால் இரண்டு தனிக் கணக்குகள். ஒருவரே காலையில் பிரேக்கரும் மாலையில் கிரைண்டரும் பிடித்தால் ஒரே கணக்கு.

நூறும் நானூறும்

பிரிட்டனில் 2005-ஆம் ஆண்டின் வேலையிட அதிர்வுக் கட்டுப்பாட்டு விதிகள் இரண்டு கோடுகளைப் போட்டிருக்கின்றன. முதல் கோடு 100 புள்ளி. இதை நடவடிக்கை அளவு என்போம். எட்டு மணி நேரமும் 2.5 என்ற அளவில் அதிர்ந்தால் வருவது இது. இந்தக் கோட்டைத் தாண்டினால் அதிர்வைக் குறைக்க நியாயமாகச் செய்யக்கூடிய எல்லாவற்றையும் முதலாளி திட்டமிட்டுச் செய்தாக வேண்டும். வேலையாட்களின் கைகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை மருத்துவ முறைப்படி கண்காணிக்கவும் வேண்டும். இரண்டாவது கோடு 400 புள்ளி, எட்டு மணி நேரத்துக்கு 5 என்ற அளவு. இது உச்ச வரம்பு. இதை எந்த நாளும் தாண்டக் கூடாது.

பலர் நூறு வரை ஆபத்தே இல்லை என்றும், நானூறு வரை அனுமதி என்றும் படிக்கிறார்கள். நூறுக்குக் கீழேயும் சிலருக்கு நோய் வரும். நானூறை ஒட்டி நாள்தோறும் வேலை வாங்குவது, சட்டத்தின் எழுத்துக்குப் பயந்து விரல்களைக் கைவிடுவதாகும்.

12 என்ற பிரேக்கரைப் பிடித்தால் நூறைத் தொட ஏறத்தாழ 21 நிமிடம் போதும். நானூறைத் தொட 83 நிமிடம். நாள் முழுக்க என்ற பேச்சுக்கே இடமில்லை.

பச்சை அட்டையையும் இங்கேயே பார்த்துவிடலாம். வாடகைக் கடைகள் பல, கருவியில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அட்டை கட்டி அனுப்புகின்றன. நல்ல பழக்கம். ஆனால் 4 என்ற அளவுள்ள கிரைண்டரை எட்டு மணி நேரம் பிடித்தால் 4 × 4 × 2 × 8 = 256 புள்ளி. பச்சை என்பது சிவப்பைவிட மெதுவாக ஏறும் என்ற செய்தி மட்டுமே. அட்டையில் 'இத்தனை நிமிடம்' என்று அச்சிட்டிருந்தாலும், அன்றைக்கு வேறு எதையும் அந்தக் கை பிடிக்கவில்லை என்று வைத்துப் போட்ட கணக்கு அது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: எண் உலுக்கலின் கடுமையைச் சொல்கிறது, அதை அதனாலேயே பெருக்கி, நேரத்தைச் சேர்த்தால் புள்ளி, ஒரு நாளில் நூறு தாண்டினால் நடவடிக்கை, நானூறு தாண்டவே கூடாது.

வாடகைக் கருவியில் என்ன சிக்கல்?

சொந்தக் கருவியின் வரலாறு நமக்குத் தெரியும். எப்போது வாங்கியது, எப்போது பழுது பார்த்தது, யார் கீழே போட்டது எல்லாம் தெரியும். வாடகைக் கருவி நேற்று யார் கையில் இருந்தது என்றே தெரியாமல் வந்து இறங்குகிறது. கூடவே வருவது உற்பத்தியாளர் அறிவித்த எண்.

அந்த எண் பொய் அல்ல. ஆனால் அது சோதனைக்கூடத்தில், குறிப்பிட்ட நிலைமையில், நல்ல நிலையில் உள்ள கருவியில் எடுத்தது. ஒரு மாடலை இன்னொரு மாடலோடு ஒப்பிடத்தான் அது மிகவும் உதவும். நம் தளத்தில், கம்பி பின்னிய பழைய காங்கிரீட்டில், மழுங்கிய உளியோடு அது எவ்வளவு அதிரும் என்பது வேறு கேள்வி. பெரும்பாலும் கூடுதலாகவே அதிரும். பழைய சோதனை முறைகள் பலவற்றில் ஒரே திசையில்தான் அளந்தார்கள். ஆகவே பழைய கையேட்டில் உள்ள எண் இன்னும் குறைவாகத் தெரியும்.

கையேட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'கே' என்ற எழுத்தோடு இன்னொரு சிறிய எண் இருக்கும். எண் இவ்வளவு வரை கூடலாம் என்று உற்பத்தியாளரே ஒப்புக்கொள்ளும் இடைவெளி அது. 11.2 என்றும் கே 1.5 என்றும் போட்டிருந்தால் இரண்டையும் கூட்டி 12.7 என்றே கணக்கில் எடுங்கள். சிறிய வித்தியாசம்தானே என்று தோன்றும். புள்ளிக் கோலத்தை நினைவில் வைத்துப் பெருக்கிப் பாருங்கள்: மணிக்கு 251 புள்ளி 323 ஆகிவிடுகிறது.

'2.5-க்குக் குறைவு' என்று மட்டும் போட்டிருந்தால் அதைச் சுழியம் என்று படிக்காதீர்கள். 2.5 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பொறுப்பு யாருடையது? கருவியை வாடகைக்கு விடுபவருக்கும் கடமை உண்டு. 1974-ஆம் ஆண்டின் வேலையிடச் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, கருவி வழங்குபவர் பாதுகாப்பான நிலையில் வழங்க வேண்டும், தேவையான தகவலையும் தர வேண்டும் என்கிறது. ஆனால் அந்தக் கருவியால் எந்த ஆள், எத்தனை நிமிடம், எதை உடைக்கிறார் என்பது கடைக்காரருக்குத் தெரியாது. அதனால் கைக்கு எவ்வளவு அதிர்வு சேர்கிறது என்று மதிப்பிடுவது, வேலை வாங்கும் முதலாளியின் பொறுப்பு. சொந்தமாக ஒப்பந்தம் எடுத்துத் தனியாளாக வேலை செய்பவர் என்றால், அந்த முதலாளி அவரேதான். நம்மவர்களில் பலர் இப்படித்தான் வேலை செய்கிறார்கள். தங்கள் கைக்குத் தாங்களே கணக்கு வைக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

நிமிடத்தை எப்படி எண்ணுவது?

"எவ்வளவு நேரம் பிடித்தாய்?" என்று கேட்டால் "காலை முழுக்க" என்று பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. கருவி காலை முழுக்க அவரிடம்தான் இருந்தது. ஆனால் இடையில் உடைந்ததை அள்ளினார், அளவு பார்த்தார், உளி மாற்றினார், தண்ணீர் குடித்தார். கை அதிர்ந்த நேரம் மட்டுமே கணக்கு. அதை விசை நேரம் என்போம், அதாவது விசையை அழுத்திப் பிடித்திருந்த நேரம்.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கைபேசியில் உள்ள ஸ்டாப்வாட்ச் போதும். ஒருவர் சுவரில் துளை போடுகிறார் என்றால், பக்கத்தில் நின்று நாலைந்து துளைகளுக்கு நேரம் பாருங்கள். ஒரு துளைக்கு 25 விநாடி என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 60 துளை என்றால் 1500 விநாடி, அதாவது 25 நிமிடம். ஹேமர் டிரில் 9 என்றால் மணிக்கு 162 புள்ளி, 25 நிமிடத்துக்கு 67 அல்லது 68. துளைகளை எண்ணுவது எளிது. மாலையில் சுவரைப் பார்த்தாலே எண்ணிவிடலாம்.

எதையும் அளக்க நேரமில்லாதபோது கைகொடுக்கும் தோராய விதி ஒன்றும் ஹெச்.எஸ்.இ. வைத்திருக்கிறது. சுத்தியல்போல அடிக்கும் கருவியை ஒருவர் வழக்கமாக நாளொன்றுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் பிடித்தால், அல்லது சுழலும் கருவியை ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தால், அவர் நடவடிக்கை அளவைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். அடிக்கும் கருவி ஒரு மணி நேரத்தையும் சுழலும் கருவி நான்கு மணி நேரத்தையும் தாண்டினால், உச்ச வரம்பே உடைந்திருக்கலாம்.

ஒரு நாளின் கணக்கு

பழைய தரையை உடைத்துக் குழாய் போடும் வேலை. ஒருவர் பிரேக்கரை 30 நிமிடம், ஹேமர் டிரில்லை 40 நிமிடம், கிரைண்டரை 30 நிமிடம் பிடிக்கிறார். எண்கள் முறையே 12, 9, 4.

பிரேக்கர் மணிக்கு 288, அரை மணிக்கு 144. டிரில் மணிக்கு 162, நாற்பது நிமிடத்துக்கு 108. கிரைண்டர் மணிக்கு 32, அரை மணிக்கு 16. மொத்தம் 268. நூறைத் தாண்டியாயிற்று, நானூறுக்குள் இருக்கிறது. நூறே நிமிடம்தான் கை அதிர்ந்திருக்கிறது என்பதையும் பாருங்கள்.

இப்போது ஒரே ஒரு மாற்றம். பிரேக்கரோடு வந்த உளி மழுங்கியது. கருவி கூடுதலாகக் குதிக்கிறது, 12 என்பது 16 ஆகிறது என்று கொள்வோம். மணிக்கு 512 புள்ளி. மழுங்கிய உளி மெதுவாகத்தானே உடைக்கும்? 30 நிமிட வேலை 40 நிமிடம் இழுக்கிறது. பிரேக்கருக்கு மட்டும் 341. மொத்தம் 465. ஆள் அதே ஆள், தரை அதே தரை, அட்டையும் அதே அட்டை. ஓர் உளியால் உச்ச வரம்பு உடைந்துவிட்டது.

கூர்மையான உளி கேட்டு வாங்குவதை நம் ஆட்கள் கௌரவக் குறைவாக நினைப்பது எனக்கு உண்மையில் வருத்தம் தருகிறது. அதேபோல இன்னொரு பழக்கம், பிரேக்கரின் மேல் உடம்பின் பாரத்தை முழுக்க இறக்கி அழுத்துவது. அதிர்வு குறைத்த கைப்பிடிகளில் உள்ளே ஸ்பிரிங் இருக்கும். அதை அடிமட்டம் வரை அழுத்திவிட்டால் ஸ்பிரிங்குக்கு அசைய இடமில்லை, அதிர்வு நேரே கைக்கு வரும். கைப்பிடி பாதி அமுங்கும் அளவுக்குப் பிடித்துக் கருவியை அதன் எடையிலேயே வேலை செய்ய விட வேண்டும். இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அதிர்வு கைக்குள் இன்னும் ஆழமாகப் போகும்.

கையுறை, கைக்கடிகாரம்

அதிர்வு தடுக்கும் கையுறை என்று விற்பதை நம்பி நிமிடத்தைக் கூட்டாதீர்கள். பிரேக்கர் போன்ற கருவிகளின் கனமான, மெதுவான அடியை அவை தடுப்பதாகச் சொல்ல முடியாது. ஆனால் கையுறை கையைச் சூடாக வைக்கும், கடைமடைக்குத் தண்ணீர் போக உதவும். அதற்காக அவசியம் போடுங்கள். மணிக்கட்டில் கட்டும் அதிர்வு மானிகள் விசை நேரத்தை எண்ணத் துணைசெய்யலாம். அதிர்வு அளவை முறைப்படி எடுக்க வேண்டிய இடம் மணிக்கட்டு அல்ல, கருவியைப் பிடிக்கும் இடம்.

கடைக்குத் தொலைபேசி எடுக்கும் முன்

முதல் கேள்வி: கையால்தான் உடைக்க வேண்டுமா? சிறிய எக்ஸ்கவேட்டரில் பொருத்தும் பிரேக்கர் உள்ளே போகுமா? பெரிய துளை என்றால் தாங்கியில் பூட்டிய வைரத் துளைப்பான் போதாதா? இதைத் திட்டமிடும்போதே கேட்டால் பாதி மதிப்பீடு தேவையே இல்லாமல் போகும்.

கையால்தான் என்றால் கடைக்காரரிடம் மாடல் பெயரையும், அதன் அதிர்வு எண்ணையும், பக்கத்தில் உள்ள கே எண்ணையும் கேளுங்கள். உண்மையான வேலையில் எடுத்த அளவு அவரிடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். சில கடைகளில் இருக்கும். கடைசியாகப் பழுது பார்த்தது எப்போது, புதிய உளி வருமா என்பதையும் விடாதீர்கள். அதே வேலைக்கு எண் குறைந்த வேறு மாடல் இருந்தால், வாடகை சற்றுக் கூடினாலும் அதையே எடுங்கள். 12-க்குப் பதில் 8 கிடைத்தால் புள்ளி பாதிக்கும் கீழே இறங்கும்.

கருவி வந்ததும், கேட்ட மாடல்தானா என்று அட்டையைப் பாருங்கள். 'அது கையிருப்பில் இல்லை, இதுவும் அதே மாதிரிதான்' என்று வேறொன்றை இறக்கிவிட்டுப் போவது அடிக்கடி நடக்கிறது. அப்போது காலையில் போட்ட கணக்கு செல்லாது. புதிய எண்ணை வைத்து இரண்டு நிமிடத்தில் மறுபடி பெருக்கி, யார் எத்தனை நிமிடம் பிடிக்கலாம் என்பதை ஆட்களிடம் சொன்ன பிறகே விசையில் கை வையுங்கள்.

வேலை முடிந்தபின் விரல் ஊசி குத்துவதுபோல இருந்தால், இரவில் கை மரத்துத் தூக்கம் கலைந்தால், குளிரில் ஒரே ஒரு விரல் நுனி வெளுத்தாலும், அந்த வாரமே முதலாளியிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். வெளுத்த விரலைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். மருத்துவர் முன் உட்காரும்போது அது பெரும்பாலும் நிறம் திரும்பியிருக்கும். எங்கள் அண்ணன் முதல் வெளுப்பைப் பார்த்தது பதினோரு வருடங்களுக்கு முன்னால், ஒரு சுண்டுவிரல் நுனியில். குளிர்தானே என்று விட்டுவிட்டாராம்.